வானத்தைக் காணவில்லை

இருபத்தாறு வருடம் பௌதிகவியல் படிப்பித்தவனுக்கு ஒரு நோய் வரும். பிழை எப்போதும் மற்றவனுடைய விடைத்தாளில்தான் இருக்கும் என்று நம்பத் தொடங்கிவிடுவான். எனக்கு அந்த நோய் முற்றியது போன வருடம், வடகம் காயப்போடுகிற காலத்தில்.

நீர்வேலிக் குகனும் என்னைப்போல ஒரு வானொலிப் பைத்தியம். வீட்டிலேயே கருவி செய்து, முகம் தெரியாதவர்களோடு கதைக்கிற கூட்டம் நாங்கள். அவன் இரண்டு வருடம் மினக்கெட்டு ஒரு பெட்டி செய்திருந்தான். ஜிபிஎஸ் செய்மதிகளிடம் நேரத்தை வாங்கி, அதை வைத்துப் பத்து மெகாஹேர்ட்ஸ் அலையைப் பிசகாமல் தருகிற பெட்டி. மற்றக் கருவிகளை அதோடு ஒப்பிட்டுத் திருத்தலாம்.

"அண்ணை, நீங்கள் சோதிச்சு நல்லதெண்டு சொன்னால்தான் மற்றப் பெடியளுக்கும் செய்து குடுப்பன்" என்று சண்டிலிப்பாயில் என் வீட்டுக்கு வந்து கையில் தந்துவிட்டுப் போனான். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பதினாலு பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதன் அன்டெனா தீப்பெட்டி அளவுதான். மொட்டைமாடியில் வைத்துவிட்டு, மனைவி வசந்தியிடம் கண்டிப்பாகச் சொன்னேன்: "உன்ரை வடகத்தைக் காகம் தூக்கினாலும் பரவாயில்லை. இதைக் கொத்தினால் பிறகு என்னோடை கதைக்க வராதை."

மறுநாள் சோதனை தொடங்கியது. நண்பரிடம் இரவல் வாங்கிய நம்பகமான கருவி ஒன்றின் அலையையும் குகனின் அலையையும் ஒரே திரையில் விட்டேன். இரண்டும் ஒத்துப்போனால் படம் அசையாமல் நிற்கவேண்டும். காலை எட்டரைக்கு நின்றது. ஒன்பதரைக்கு ஊரத் தொடங்கியது. மத்தியானம் ஓடியே விட்டது. பின்னேரம் ஐந்து மணிக்கு மறுபடி நல்ல பிள்ளை! ஐந்து நாளும் இதே கூத்து. ஆறாம் நாள் மழை. அன்று முழுக்க அசையவில்லை.

போதாததற்குப் பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு, வெயில் நாட்களில் பகல் முழுக்க எரிந்தது. கையேட்டைப் புரட்டினேன். 'சிவப்பு: வானத்தைக் காணவில்லை' என்று எழுதியிருந்தான். எனக்கு வந்ததே ஒரு எரிச்சல்! யன்னலால் எட்டிப் பார்த்தேன். வானம் இருந்த இடத்தில்தான் இருந்தது. ஆகவே விளக்கும் பழுது என்று குறித்துக்கொண்டேன். (மாடிக்கு இருபது படி. முழங்கால் நோவு. விஞ்ஞானிக்கும் முழங்கால் இருக்குத்தானே?)

தீர்ப்பை ஏழு நிமிடக் குரல்பதிவாகக் குழுவில் போட்டேன். "இது வெயில் தாங்காத சாமான். விளக்கும் பொய் சொல்லுது. குகன் முதல்லை அடிப்படையைப் படிக்கோணும்." ஒருவரும் பதில் போடவில்லை. குகனும் போடவில்லை. அதை என் புலமைக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் காலை பத்து மணிக்கு அவனுடைய மோட்டார்சைக்கிள் வாசலில் நின்றது. முகம் வாடிப்போயிருந்தது.

"அண்ணை, ஒருக்கா அன்டெனாவைப் பாக்கலாமோ?"

இருபது படியும் நான் விரிவுரை ஆற்றிக்கொண்டே ஏறினேன். மேலே பாய் நிறைய வடகம். அதற்குப் பக்கத்தில், அன்டெனா வைத்த அதே இடத்தில், வடகம் பொரிக்கிற அலுமினியத் தாச்சி கவிழ்ந்து கிடந்தது. காற்றுக்குப் பறக்காமல் மேலே ஒரு செங்கல் வேறு.

குகன் தூக்கினான். அன்டெனா கீழே பத்திரமாக இருந்தது, ஒரு செய்மதியையும் காணாமல்.

"வசந்தி!" என்று கத்தினேன்.

அவள் சாவகாசமாக ஏறி வந்தாள். "என்ன கத்துறியள்? வடகம் காயேக்கைதான் காகம் வாறது. அதுதான் வடகம் போடேக்கை மூடி, அள்ளேக்கை எடுக்கிறனான். கொத்தினால் கதைக்க வராதை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

குகன் தாச்சியைப் பழையபடி கவிழ்த்து, செங்கல்லையும் வைத்து, ஒரு படம் எடுத்துக் குழுவில் போட்டான். அப்போது மட்டும் பதினாலு பேருக்கும் பேச்சு வந்தது! அவனுடைய இரண்டு வருட உழைப்பை யன்னலால் பார்த்துத் தீர்த்துக் கட்டினேனே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. என் மன்னிப்புக் குரல்பதிவு ஒன்பது வினாடி.

பதினாலு பெட்டியும் அவன் செய்து கொடுத்துவிட்டான். எனக்கும் அனுப்பிய புதுக் கையேட்டில் இரண்டே சொல் கூடியிருக்கிறது: 'சிவப்பு: வானத்தைக் காணவில்லை. தாச்சியைத் தூக்கவும்.'

அந்தப் பக்கத்தை வசந்தி வெட்டிப் பிரிஜ் கதவில் ஒட்டியிருக்கிறாள். கறியில் உப்பில்லை, மூக்குக்கண்ணாடியை எவனோ எடுத்துவிட்டான், இந்த வருடப் பிள்ளைகள் மக்குகள் என்று நான் எதற்கு வாயைத் திறந்தாலும் அவள் கதைப்பதில்லை. பிரிஜ் பக்கம் விரலை மட்டும் நீட்டுகிறாள்.