இனாமாக வந்த பத்தியம்

"ஒரு மண்டலத்துக்குள்ள என் பொண்ணை ஒரே இடத்துல உக்கார வெக்கலேன்னா, நான் கோதண்டம் இல்லே!"

சபதத்தை அவர் உட்கார்ந்து செய்யவில்லை. கையில் பாதித் தோசை. அடுப்பங்கரைக்கும் வாசலுக்கும் நடந்தபடியே கத்தினார்.

எட்டு வயசு காஞ்சனா வகுப்பில் இருப்பாள். பாதிக் கணக்கில் வேப்பமரத்தில் இருப்பாள். 'தை மாசமும் இப்படியே என்றால் பள்ளிக்கூடம் வேண்டாம்' என்றுவிட்டார் வாத்தியார்.

அரக்கோணத்து டாக்டர் தூக்க மிக்ஸ்சர் தருகிறேன் என்றார். "உக்கார வெய்யின்னா படுக்க வெக்கறேன்றாரே!" என்று கோதண்டம் சண்டை போட்டுத் திரும்பினார். மந்திரித்த தாயத்தைக் காஞ்சனா ஆட்டுக்குட்டிக்குக் கட்டிவிட்டாள். மிச்சமிருந்தது, மலையடிவாரத்து வைத்தியர் ஆதிகேசவன்.

"நான் மொதல்ல போய் வெவரம் சொல்லிட்டு வரேங்க" என்றாள் மனைவி மணியம்மை. மறுநாள் அவரையும் அழைத்துப் போனாள்.

"பிரம்மி நெய், நாப்பத்தெட்டு நாள்" என்றார் வைத்தியர். "காப்பி, காரம், கத்தற பேச்சு கூடாது. விடிஞ்சா மலைப்படி ஏறணும்."

கோதண்டம் சேலை வியாபாரி. அம்மையார்குப்பத்துத் தறிக்காரர்களே கையெடுத்துக் கும்பிடும் பேரக்காரர்.

"இருபது நாளுக்கு முடிச்சுக் குடுங்க!"

"மருந்துல நாளு கொறையாது நைனா. வேணும்னா, ஒருத்தருக்கு வாங்கினா இன்னொருத்தருக்கு இனாம்."

"நமக்கு எதுக்குங்க இனாம்? வேணாம்" என்றாள் மணியம்மை.

"நீ சும்மா இரு! பேரத்துல கெடைச்சதை வுடுவாங்களா? நானே சாப்பிடறேன்!"

மணியம்மை முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

தினமும் விடியலில் அப்பாவும் பெண்ணும் படியேறினார்கள். படிக்கு ஒன்றாக வாய்ப்பாடு சொல்லித் தாவினாள் காஞ்சனா. கத்தக்கூடாதே, கோதண்டம் கேட்டுக்கொண்டே ஏறினார். அவள் பேச இவ்வளவு வைத்திருந்தாளா என்று அவருக்கே ஆச்சரியம்.

நாற்பத்தெட்டு நாளும் முடிந்து, தை பிறந்தது. "இன்னும் காலை ஆட்டிக்கினுதான் இருக்கா. ஆனா கணக்கை முடிச்சுட்டுத்தான் எழுந்திருக்கறா. இருக்கட்டும்" என்றார் வாத்தியார்.

கோதண்டம் வைத்தியரிடம் ஓடினார். "பாப்பாவுக்கு உங்க பிரம்மி இன்னாமா புடிச்சுது!"

"பாப்பாவுக்கு வெறும் நெய்தான் நைனா. அதுக்கு மருந்து படியும், கூட வர்ற அப்பனும். பிரம்மி உங்களுக்கு. 'பாதிச் சோத்துல எழுந்துடறாரு, பேச்சு முடியறதுக்குள்ள கத்தறாரு, புள்ளை அதைப் பாத்துதான் ஆடுது'ன்னு வீட்டம்மா சொன்னாங்க. இனாம்தான் பாப்பாவுது."

கோதண்டம் வீட்டுக்குப் பறந்தார். "அடியே மணி...!"

"கத்தாதீங்க" என்றாள் மணியம்மை, மணையைப் போட்டுக்கொண்டே. "மருந்துதான் முடிஞ்சுது. மறுபத்தியம் இன்னும் நாப்பத்தெட்டு நாள் இருக்குது. கத்தினா முறிஞ்சுபோவும், மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

கோதண்டம் உட்கார்ந்தார்.