தாயகம் திரும்பிய இருநூற்றுப் பதிமூன்று பேர்

பிறப்புப் பதிவு அலுவலகத்தின் இணையதளத்தை ஒரே மாதத்தில் இருநூற்றுச் சொச்சம் பேர் வெளிநாட்டிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள் என்று தெரிந்த அன்று, அலுவலகக் கண்காணிப்பாளர் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. நாட்டின் மேல் அவருக்கு அவ்வளவு அக்கறை. சாயங்காலம் அதையும் சேர்த்துச் சாப்பிட்டார் என்பது வேறு விஷயம்.

கணினிப் பிரிவைக் கூப்பிட்டார். கணினிப் பிரிவு என்பது ஒரு மேஜை, ஓடாத ஒரு மின்விசிறி, பதினாறு வருஷமாக அதன் கீழே உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்.

"யாரும்மா இவங்கெல்லாம்?"

"இங்க பிறந்துட்டு வேலைக்கு வெளிநாடு போனவங்க சார். பிறப்புச் சான்றிதழ் எடுக்க வராங்க."

"சான்றிதழ் எடுக்க வரவன் எதுக்கு விடிகாலை மூணு மணிக்கு வரான்?"

"அங்க அது பகல் சார்."

"அதைத்தான் நானும் சொல்றேன். நாம தூங்கற நேரமாப் பார்த்து அவங்க பகல் வெச்சிருக்காங்க. இது தற்செயலா?"

அந்தப் பெண் வாயைத் திறந்தாள், உடனே மூடிக்கொண்டாள். பதினாறு வருஷ சர்வீஸ் சும்மாவா?

கண்காணிப்பாளர் பதினோரு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினார். 'மேற்படி அயல்நாட்டு வருகையாளர்களின் உள்நோக்கம் யாதெனத் தெரியவில்லை. தெரியாதிருப்பதே அபாயத்துக்குப் போதிய சான்றாகும்' என்று முடித்திருந்தார். இயக்குநர் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்தார். படித்ததும் அவருக்கும் பயம் வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டார்.

அன்றிலிருந்து வெளிநாட்டில் யார் அந்தத் தளத்தைத் திறந்தாலும் சிவப்பு எழுத்தில் ஓர் அறிவிப்பு வந்தது: 'தாங்கள் இருக்கும் நாட்டிலிருந்து இத்தளத்தைக் காண இயலாது. ஆட்சேபணை உள்ளோர் இத்தளத்திலுள்ள படிவத்தை நிரப்பி அனுப்பலாம்.'

மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்தார்கள். ஆட்சேபணை ஒன்றுகூட இல்லை.

"என் சர்வீஸ்ல ஒரு புகாரும் வராத திட்டம் இதுதான்யா!" என்று இயக்குநர் பூரித்துப்போனார்.

நல்லது எதுவும் நம்மிடம் வேகமாகப் பரவாது, இது பரவியது. குடிநீர் வாரியம் தன் தளத்தைப் பூட்டிக்கொண்டது. நூலகம் பூட்டிக்கொண்டது. இன்னும் பூட்டாத அலுவலகங்களை, "பாவம், உங்களை வெளிநாட்டுல யாருமே எட்டிப் பார்க்கறதில்லையா?" என்று மற்றவர்கள் துக்கம் விசாரித்தார்கள். மானம் போகிறதே என்று அவர்களும் பூட்டினார்கள். சுற்றுலாத் துறைதான் கடைசி. கொஞ்சம் யோசித்ததாம்.

இப்படி எல்லாம் சுபமாகப் போய்க்கொண்டிருந்தபோது, வெளிநாட்டில் நர்ஸ் படிப்பு முடித்திருந்த கண்காணிப்பாளருடைய ஒரே மகள் போன் பண்ணினாள். பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. புதிதாக எடுத்த பிறப்புச் சான்றிதழை வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.

"அப்பா, உங்க ஆபீஸ் சைட் என்னை உள்ளயே விடமாட்டேங்குது."

"அப்படியா! எழுத்து நல்லா சிவப்பா, பெருசா வருதா?"

"அப்பா! வெள்ளிக்கிழமை கொடுக்கலேன்னா வேலையை அடுத்த ஆளுக்குக் கொடுத்துடுவாங்க."

கண்காணிப்பாளர் போனைப் பொத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். பக்கத்தில் இருந்த மனைவி அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"பெத்தவ நான் குத்துக்கல்லாட்டம் இங்க உட்கார்ந்திருக்கேன். அவ பிறந்தாளா இல்லையான்னு என்னைக் கேட்டா சொல்லமாட்டேனா?"

"உன் பேச்சுக்கு முத்திரை கிடையாதே" என்றார். வாய் சும்மா இருந்தால்தானே? அன்று முழுக்க அவருக்குக் காபி கிடைக்கவில்லை.

மறுநாள் கணினி மேஜையின் முன்னால் போய் அவரே நின்றார். அதுவரை அந்த மேஜைதான் அவரிடம் வரும்.

"ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் திறந்துவிட முடியுமாம்மா?"

"குறிப்புல பத்தி ஏழு சார். 'எவருக்காகவும், குறிப்பாக அலுவலர்களின் உறவினருக்காக, தளர்த்தலாகாது.'"

"சரி, நானே எடுத்து அனுப்பிடறேன்."

"பத்தி ஒன்பது சார். சம்பந்தப்பட்டவங்க தன் கையாலதான் எடுக்கணும். பெத்தவங்க எடுத்தாக்கூட செல்லாது."

"எந்த மடையன் எழுதினான் இதை?"

அவள் குறிப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். 'பெற்றோர்' என்ற சொல்லின் கீழே அவரே அடிக்கோடும் போட்டிருந்தார்.

இயக்குநரிடம் ஓடினார்.

"ஆட்சேபணையே வராத திட்டத்தை எப்படிய்யா நிறுத்தறது? ஒண்ணே ஒண்ணு வரட்டும், நாளைக்கே நிறுத்திடறேன்."

"வர வழியே இல்லையே சார். படிவம் உள்ள இருக்கு, ஆள் வெளிய இருக்கான்."

"நிஜமாவே ஆட்சேபணை இருக்கறவன் எப்படியாவது உள்ள வந்து சொல்லமாட்டானா?"

வியாழக்கிழமை வந்தது. மகளின் குரல் தணிந்திருந்தது. "அப்பா, ஒரு ஆப் இருக்குன்னு கூட இருக்கற பொண்ணு சொன்னா. அதைப் போட்டா நான் நம்ம நாட்டுல உட்கார்ந்திருக்கற மாதிரி காட்டுமாம். உங்க பேர் கெட்டுடுமேன்னுதான் இவ்வளவு நாள் போடலை."

கண்காணிப்பாளர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். ஜன்னலையும் சாத்தினார். "போட்டுக்கோ" என்றார்.

"கேக்கலைப்பா. சத்தமாச் சொல்லுங்க."

"போட்டுக்கோடி, என் தாயே!"

பதினோரு பக்கக் குறிப்பைத் தாண்டி அவள் உள்ளே வர இரண்டு நிமிஷம் ஆனது. "கிடைச்சிடுச்சுப்பா!" என்று அவள் கத்தியபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம்தான், வேறென்ன? வேலையும் உறுதியானது. மூன்று வருஷத்துக்கு அங்கேயே இருக்க வேண்டும் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்களாம். அதைக் கேட்ட மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அடுத்த மாதம் இயக்குநர் அவசரமாகக் கூப்பிட்டார்.

"வெளிநாட்டு முகவரி எழுதின இருநூற்றுப் பதிமூணு பேர் சான்றிதழ் எடுத்திருக்காங்க. வெளிநாட்டுல இருந்து எடுக்க முடியுமா?"

"முடியாது சார்."

"ஆனா எடுத்திருக்காங்க. அப்போ எங்க இருக்காங்க?"

கண்காணிப்பாளருக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. அத்தனை பேரும் அதே ஆப்! சொல்லிவிடலாம். சொன்னால் இருநூற்றுப் பதிமூன்று சான்றிதழும் செல்லாமல் போகும். அதில் ஒன்று மகளுடையது.

"இங்கதான் சார்" என்றார்.

"அப்படிச் சொல்லு! எல்லாரும் திரும்பி வந்துட்டாங்கய்யா! ஒரு பூட்டுப் போட்டோம், போன பிள்ளைங்க பூரா வீடு வந்து சேர்ந்துட்டாங்க!"

'தாயகம் திரும்பியோர் பாராட்டு விழா' நகர மண்டபத்தில் நடந்தது. இருநூற்றுப் பதிமூன்று குடும்பங்களுக்கும் அழைப்புப் போயிற்று. பெற்றோர்கள் நல்ல துணி உடுத்திக்கொண்டு வந்தார்கள். பிள்ளைகள்தான் ஒருவரும் வரவில்லை. ஒருவனுக்குப் பல்வலி என்றார் அவன் அப்பா. ஒருத்தி அசந்து தூங்குகிறாளாம், எழுப்ப மனசு வரவில்லையாம். யாரும் யாரையும் மேற்கொண்டு கேட்கவில்லை. மைக்கில் பெயர் கூப்பிடக் கூப்பிட, பிள்ளைகளுக்காகப் பெற்றோரே மேடையேறிப் பாராட்டுப் பத்திரம் வாங்கிக்கொண்டார்கள். கண்காணிப்பாளரும் வாங்கினார்.

கீழே இறங்கி வந்தால், மனைவி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நாம மட்டும்தான் திருட்டுத்தனம் பண்ணியிருக்கோம். மத்தவங்க பிள்ளைங்க எல்லாம் நிஜமாவே வந்துட்டாங்க, பாருங்க."

உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். இருநூறு குடும்பத்துக்கு நடுவில் எதைச் சொல்வது? அதற்குள் அவள் போனை எடுத்துவிட்டாள். "எல்லார் வீட்டுலயும் திரும்பி வந்துட்டாங்களாம்டி கண்ணு. நீ எப்போ வரே?"

கண்காணிப்பாளர் திரும்பிப் பார்த்தார். முன் வரிசையில் ஓர் அம்மா, தூண் ஓரத்தில் ஓர் அப்பா, வாசற்படியில் நாலைந்து பேர், பார்த்த இடமெல்லாம் காதில் போனும் கையில் பாராட்டுப் பத்திரமுமாக நின்றார்கள். மேடைத் திரைக்குப் பின்னால் இயக்குநரும் வாயைப் பொத்திக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்.

"ஊர்ல அத்தனை பேரும் வந்துட்டாங்கடா. உனக்கு மட்டும் ஏன்டா வரணும்னு தோணலை?"