எண்ணெய் மட்டும்

"எண்ணெய் மட்டும்," என்றார் ஓர்டோல்ஃப் துரை, மூன்றாவது தடவையாக. "தேய்க்கக் கூடாது. தீட்டக் கூடாது. எதையும் கழட்டக் கூடாது. சனிக்கிழமை வந்து எடுத்துக்கறேன்."

"எண்ணெய் மட்டும், துரை," என்றாள் ஒட்டிலியா. அவளுக்கும் அது மூன்றாவது தடவை.

வாள் மேசைமேல் கிடந்தது. உள்ளங்கை அகலம், வட்டமான நுனி, ஒரு பிடிக்கு மேல் இடமில்லாத குட்டைக் கைப்பிடி. எடுத்துக்கொண்டு போனால் டான்யூப் ஆற்றில் படகு தள்ளலாம்.

"எங்க வம்சத்துல இதைத் தவிர வேற வாள் எவன் இடுப்புலயும் ஏறினதில்ல. எங்கப்பா சாகக் கிடந்தப்போ, அந்தக் கட்டில் பக்கத்துலயே என்னை மண்டிபோட வெச்சு எங்கம்மா சத்தியம் வாங்கியிருக்காங்க. ஞாயித்துக்கிழமை பெந்தெகொஸ்தே பூசையில ஆயர் இதை ஆசீர்வதிப்பார். திங்கக்கிழமை நான் படையோட கிளம்பணும். புரியுதா?"

"புரியுது, துரை."

அவர் வாசல்வரை போய்த் திரும்பினார். "உன்னைப் பத்தி நிறையக் கேள்விப்பட்டிருக்கேன்," என்றார். பின்னால் நின்ற கிழட்டுக் குதிரைக்காரன் டீட்மார் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டான்.

அவர் எதைக் கேள்விப்பட்டிருப்பார் என்று ஒட்டிலியாவுக்குத் தெரியாதா? பாஸாவ் நகரம் முழுக்கச் சிரித்த கதை அது. போன வருடம் ஒரு வீரர் தன் வாளுக்கு உறை தைக்கக் கொடுத்தார். அதன் கைப்பிடி நுனியிலிருந்த குமிழுக்குள் ஒரு புனிதரின் விரலெலும்பு இருப்பதாகச் சொன்னார். உறை தைப்பவள் உறையைத் தைத்துக் கொடுத்தால் போதாதா? இவள் குமிழைத் திறந்து பார்த்தாள். பார்த்ததோடு விட்டாளா? "துரை, இது கோழி எலும்பு," என்று சொல்லியும் விட்டாள்.

வாளுக்குக் கைப்பிடியும் உறையும் போடுவது அவள் புருஷனின் தொழில். அவன் செத்துப்போன பிறகு, புகாரில்லாமல் ஒரு வருடம் நடத்திக் காட்டினால் பட்டறையும் முத்திரையும் அவளுக்கே என்றது தொழிற்சங்கம். கோழி எலும்போடு ஒரு புகார் ஆயிற்று. பாவமென்று அதை மன்னித்துவிட்டார்கள். இன்னொன்று வந்தால் கதவைச் சாத்த வேண்டியதுதான். அந்த வருடம் முடிவதும் இதே பெந்தெகொஸ்தே ஞாயிறன்றுதான்.

அதனால் அவள் ஒழுங்காக எண்ணெய்தான் தடவினாள். நல்ல ஆளிவிதை எண்ணெய். தடவும்போது துருவுக்கு அடியில் விரலில் ஏதோ நெருடியது.

எழுத்தா?

துணியில் கொஞ்சம் சாம்பலைத் தொட்டுத் தேய்த்தாள். கொஞ்சம்தான். வாளின் நடுப்பள்ளத்தில், இரும்புக்குள் இரும்பாகப் பதித்த ஒரு சிலுவைக்குறி தெரிந்தது. பக்கத்தில் ஒரு கோடு. அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால், எழுதியவன் என்ன நினைத்து எழுதினான், சாமி பெயரா, தன் பெயரா, பெண்டாட்டி பெயரா என்று தெரியாமல் எப்படித் தூங்குவது? இன்னும் கொஞ்சம் சாம்பல். இன்னும் கொஞ்சம்.

டிங் என்று ஒரு எழுத்து கழன்று தரையில் விழுந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில், வாளைக் கோணிக்குள் சுருட்டிக்கொண்டு இல்ஸ் ஆற்றங்கரைச் சாணைக்கு ஓடினாள். சாணைக்காரன் ரூமோல்டு பலகையில் குப்புறப் படுத்து, சுழலும் கல்லுக்கு மேலே மூக்கை நீட்டிக்கொண்டிருந்தான். அவன் தொழிலே படுத்துக்கொண்டு செய்வதுதான்.

"அக்கா, இந்தத் துடுப்பை எங்க பிடிச்சே?"

"வாயை மூடு. ஒரு எழுத்து விழுந்துடுச்சு. மறைக்கணும்."

"அந்தக் குழில நம்ம ஊர் ஓநாய் முத்திரையைப் பதிச்சு அடைச்சிடவா? பாஸாவ் ஓநாய் போட்டா எவனும் கேள்வி கேக்க மாட்டான்."

"கொள்ளுத்தாத்தா வாள்ல ஓநாய் எப்ப வந்து குதிச்சுதுன்னு அவர் கேப்பாரே! அதெல்லாம் வேணாம். லேசா ஒரு சீவு, போதும்."

ரூமோல்டு லேசாகச் சீவினான். குழி போயிற்று. கூடவே மற்ற எழுத்துகளும் போயின, நடுப்பள்ளமும் போயிற்று.

"அந்தக் காலத்து இரும்புக்கா. சதை நிறைய இருக்கு," என்று விளிம்பைத் தடவியவன் கையை நிறுத்தினான். "ஆனா இங்க ஒரு பல் போயிருக்கு பாரு. துரு அடைச்சிருந்துச்சு. நீ சாம்பல் போட்டியே, தொறந்துக்கிச்சு."

"அதையும் எடுத்துடு."

அந்தப் பொக்கையை எடுக்க ஒரு பக்க விளிம்பு முழுக்கக் கரைந்தது. அதற்குச் சமமாக இன்னொரு பக்கத்தையும் கரைக்க வேண்டியிருந்தது. கரைத்ததும் முதல் பக்கம் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. அப்பம் பங்கு போட்ட குரங்கைப் போல ரூமோல்டு மாற்றி மாற்றிக் கரைத்தான். வாள் பாதி அகலத்துக்கு வந்தது.

"இப்ப நுனி மட்டும் தவளை வாய் மாதிரி இருக்கே," என்றாள் ஒட்டிலியா. அழுகை வந்தது. அழுகைக்கு நடுவிலும் ஒரு சந்தேகம் வந்தது. "ஏன்டா ரூமோல்டு, அந்தக் காலத்துல ஏன் நுனியை வட்டமா விட்டான்?"

"அப்ப அவனவன் கம்பி வளையம் கோத்த சட்டைதானே போட்டான்? ஓங்கி வெட்டினா உள்ள எலும்பு முறியும். இப்ப இரும்புத் தகடாப் போட்டுக்கிட்டு வர்றான். இந்தத் துடுப்பால வெட்டினா கோயில் மணி அடிச்ச மாதிரி சத்தம்தான் வரும். கக்கத்துல, முழங்கை மடிப்புல தகட்டுக்கு இடுக்கு இருக்கு பாரு, அதுல குத்தினாத்தான் ஆச்சு. அதுக்குக் கூர்மை வேணும். இந்த வாளோட போறவன் திரும்பி வர மாட்டான்க்கா."

"ஐயோ பாவம்," என்றாள் ஒட்டிலியா. பிறகு தன் நிலைமை நினைவுக்கு வந்தது. "என்னைவிடப் பாவம் யாரு? நுனியைக் கூராக்கு. அகலமா இருந்தா அசிங்கமாத் தெரியுது."

புதன்கிழமை பட்டறையில் வாளை நிமிர்த்திப் பிடித்தபோது அது கடகடவென்று ஆடியது. அலகு ஒல்லியாகிவிட்டது. பிடிக்கும் அலகுக்கும் நடுவே நிற்கும் குறுக்கிரும்பின் துளையோ பழைய அகலத்திலேயே இருந்தது. குண்டனின் நிஜாருக்குள் நோஞ்சான் நின்ற கதை.

புது இரும்பு போடலாம். போட்டால் அது வேறு வாள் ஆகிவிடும். அந்த ஒரு பாவத்தை மட்டும் செய்ய மாட்டேன் என்று அவள் பல்லைக் கடித்தாள். வேறு ஒரு வழிதான் இருந்தது. குறுக்கிரும்பைச் சூடாக்கி, துளையைத் தட்டிச் சிறிதாக்கினாள். அவள் கைராசி, அது ரொம்பவே சிறிதாகிவிட்டது. அது உட்கார, அலகு பிடியோடு சேரும் தோளை அரத்தால் ராவ வேண்டியிருந்தது. ராவ ராவ, குறுக்கிரும்பு நாலு விரல் கீழே இறங்கிப் போய்த்தான் கெட்டியாக உட்கார்ந்தது.

ஆட்டம் நின்றது. ஆனால் கைப்பிடிக்கான இடம் நாலு விரல் நீண்டுவிட்டது. பழைய மரப்பிடியை அதில் மாட்டப் பார்த்தாள். அது நூறு வருடத்து உளுத்த மரம், கையிலேயே பொடியாக உதிர்ந்தது. வியாழக்கிழமை புதுப்பிடி செதுக்கித் தோல் சுற்றினாள். வெள்ளிக்கிழமை மேசைமேல் வைத்து எட்ட நின்று பார்த்தாள்.

பட்டறைக்கு வரும் இளவட்ட வீரர்களெல்லாம் இந்த வருடம் வாய் பிளந்து கேட்கும் வாள் அது. ஒல்லி அலகு, ஊசி நுனி, இரண்டு கையும் பிடிக்க நீளமான பிடி. அழகென்றால் அப்படி ஓர் அழகு.

"மாதாவே," என்று முணுமுணுத்தாள். பிறகு சொன்னபடி எண்ணெய் தடவினாள்.

சனிக்கிழமை ஓர்டோல்ஃப் துரை வந்தார். அவர் மட்டும் வரவில்லை. கைத்தடி ஊன்றி அவருடைய தாயார், பெரிய சீமாட்டி ரிச்சென்சாவும் வந்தார். டீட்மார் கதவோரம் நின்றான்.

ஒட்டிலியா துணியை விலக்கினாள். துரை வாளைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு நரம்பும் அசையவில்லை. தலையில் இடி விழட்டும் என்று ஒட்டிலியா கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"ம். எண்ணெய் நல்லாத் தடவியிருக்கே," என்றார் துரை.

சீமாட்டி குனிந்து பார்த்தார். "ஓர்டோல்ஃப், என் மாமனார் கையில இது இன்னும் பெருசா இருந்துதேடா?"

"நீங்க மருமகளா வந்தப்போ உங்களுக்குப் பதினாலு வயசும்மா. எல்லாம் பெருசாத்தான் தெரிஞ்சிருக்கும்."

"பிடிகூட நீளமாத் தெரியுதே?"

"தாத்தா கை பெருசு. அதான் குட்டையாத் தெரிஞ்சிருக்கு."

சீமாட்டிக்கு மனம் ஆறவில்லை. கைத்தடியால் தரையைத் தட்டினார். "ஏம்மா பட்டறைக்காரி, உன் முத்திரையைத் தொட்டுச் சொல்லு. இதுல வேற இரும்பு ஒரு துளியாவது சேர்ந்திருக்கா? இது அதே வாள்தானா?"

ஒட்டிலியா புருஷனின் முத்திரை அச்சை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டாள். பொய் சொன்னால் நரகம், உண்மை சொன்னால் தெரு. அப்போதுதான், தான் சொல்ல வேண்டியது உண்மையே என்று அவளுக்கு உறைத்தது.

"தாயே, இந்த முத்திரைமேல ஆணை. வேற இரும்பு ஒரு குன்றிமணிகூட இதுல சேரல. இருக்கறது அத்தனையும் உங்க மாமனார் பிடிச்ச அதே இரும்பு." இல்லாத இரும்பைப் பற்றி அந்த அம்மாள் கேட்கவில்லை. இவளும் சொல்லவில்லை.

சீமாட்டியின் கண் கலங்கியது. அலகை முத்தமிட்டு மகன் இடுப்பில் தானே கட்டிவிட்டார். "இதோட போ, இதோடயே திரும்பி வா," என்றார். துரை தாயைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிப்போனார்.

ஒட்டிலியா ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள். பேசிய கூலிக்கு இரண்டு பங்கை டீட்மார் மேசைமேல் வைத்தான்.

"அண்ணே, இது என்னண்ணே? அவரு கத்துவாரு, சங்கத்துக்குப் போவாருன்னு நான் உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னேன். அவருக்குக் கண்ணு தெரியலையா?"

டீட்மார் வெளியே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"நல்லாத் தெரியும் தாயி, ஊர்ல இருக்கிற ஆறு பட்டறைலயும் 'தொடாதே'ன்னு சொன்னா தொடாம இருக்க முடியாத ஆளு யாருன்னு மூணு வாரமா என்னை விட்டு விசாரிச்சுட்டுத்தானே உங்ககிட்ட வந்தாரு."