ஓசி டீ குடிக்காத ஸ்டவ் பாய்

தமிழ்நாட்டில் 'ஓசி' என்ற சொல்லைக் கெட்ட வார்த்தையாக நினைத்த ஒரே மனிதர் எங்கள் ஸ்டவ் பாய்தான். இதை நான் எந்தக் கோர்ட்டிலும் வந்து சொல்லத் தயார். ஓசிப் பேப்பர், ஓசி வெற்றிலை, ஓசி சினிமா என்று ஊரே ஓசியில் ஓடிக்கொண்டிருந்த எண்பதுகளில், ஒருவர் கொடுத்த ஒரு வாய்த் தண்ணீருக்குக்கூடக் கொடுத்தவரின் சைக்கிள் செயினில் எண்ணெய் விட்டுவிட்டுப் போனவர் அவர்.

அப்போது நான் விழுப்புரம் ஜங்ஷன் பக்கத்தில் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தேன். ஆபீஸ் திண்டிவனத்தில். காலையில் நான் அங்கே போவேன், திண்டிவனத்துக்காரரான ஸ்டவ் பாய் இங்கே வருவார். லாட்ஜில் பத்து அறை, பத்து அறையிலும் பிரம்மச்சாரிகள், அறைக்கு ஒரு பம்ப் அடிக்கிற மண்ணெண்ணெய் ஸ்டவ். அந்த ஸ்டவ்களுக்கு எங்கள்மேல் என்ன கோபமோ, தினம் ஒன்று மூச்சை நிறுத்தும். பாய் கேட் ஓரத்தில் தகரப் பெட்டியைத் திறந்து வைத்து, ஒரு மெல்லிய பின்னை இரண்டு விரலால் பிடித்து அடைப்பைக் குத்தி எடுப்பார். ஸ்டவ் 'உஸ்' என்று நீலமாக எரியும். பாயும் கூடவே 'அல்ஹம்துலில்லாஹ்' என்பார். அவருடைய பெயர் என்னவென்று எங்களில் ஒருவனுக்கும் தெரியாது. கேட்டால், "அடுப்பு எரியுதா இல்லியா, அத்த பாருங்க" என்பார்.

எதிரே ரங்கநாதன் டீக்கடை. ஒருநாள் ரங்கநாதன் ஏதோ சந்தோஷத்தில், "பாய், இந்தாங்க டீ. காசு வாணாம்" என்று நீட்டிவிட்டார். பாவம், விளைவு தெரியாத மனிதர். பாய் டீயை பெஞ்சில் வைத்துவிட்டு, சொட்டிக்கொண்டிருந்த பாய்லர் குழாயைக் கழற்றிச் சரிசெய்துவிட்டுத்தான் ஆறிப்போன டீயைக் குடித்தார். ஒரு டீக்கு இவ்வளவு வேலையா என்று ரங்கநாதனுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு பன் கொடுத்தார். பன்னுக்கு பெஞ்சின் ஆடுகிற கால் நின்றது. அடடா என்று இன்னொரு டீ கொடுத்தார். அதற்குக் கல்லாப்பெட்டியின் பூட்டு ஒழுங்காகத் திறந்தது. சாயங்காலம் ரங்கநாதன் கையெடுத்துக் கும்பிட்டார்.

"பாய், போதும். ஒரு டீ குடுத்தேன், கடையே புதுசாயிப் போச்சு. இனிமே காசு குடுத்தே குடிச்சிடுங்க."

"அத்தத்தான நான் மொதல்லேர்ந்து சொல்லிக்கினு கீறேன்?" என்றார் பாய்.

என் அறைத் தோழன் கண்ணப்பன் பள்ளிக்கூட வாத்தியார். அவன் தங்கை கல்யாணம் திருவெண்ணெய்நல்லூரில். பாயை வற்புறுத்திக் கூப்பிட்டிருந்தான். பாய் வெள்ளைச் சட்டை, தொப்பியுடன் வந்து, மாப்பிள்ளையைப் பார்த்து வாழ்த்திவிட்டு நேராகச் சமையல்கட்டுக்குள் நுழைந்துவிட்டார். சாப்பாடு போடுவார்கள், அதற்கு முன்னால் ஏதாவது வேலை செய்துவிட வேண்டுமே! நாங்கள் பந்தியில் உட்கார்ந்தால், சாம்பார் வாளியோடு வருகிறவர் பாய். மாப்பிள்ளையின் மாமா ஒருவர் அவரை விரட்டு விரட்டு என்று விரட்டிக்கொண்டிருந்தார்.

"யோவ், இங்க அப்பளம் வெச்சியா? இன்னாய்யா ஆளு நீ!"

கண்ணப்பன் இலையை விட்டு எழுந்து ஓடினான். "பாய், நீங்க எங்க வூட்டு விருந்தாளி. ஒக்காருங்க, மானம் போவுது."

"விருந்தாளிதான் சார். கடைசிப் பந்தியில ஒக்கார்றேன். அந்த மாமாவுக்கு இன்னொரு அப்பளம் வெச்சிட்டு வந்துடறேன், இல்லன்னா சம்பந்தம் முறிஞ்சிடும்."

இவ்வளவு முறுக்கு எதற்கு என்று நான் ஒருமுறை நேராகவே கேட்டுவிட்டேன். பாய் பின்னைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தாவூது நபி அலைஹிஸ்ஸலாம் இருந்தாங்களே, ராஜா சார் அவங்க. ஒக்காந்த எடத்துல சோறு வரும். ஆனாலும் இரும்படிச்சு, அந்தக் கையால சம்பாரிச்சுத்தான் சாப்டாங்க. இரும்பு வேலை. எங்க லைனு!" ஒரு ராஜாவே தன் லைன் என்கிற பெருமையில் அவர் முகம் ஜொலித்ததைப் பார்க்கவேண்டும். நான் ஏதோ சின்ன ஆபீசில் சீல் குத்திக்கொண்டிருந்தவன், எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

இப்படிப்பட்ட மனிதர் ஒரு மழைநாளில் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் வழுக்கி விழுந்து வலது கையை முறித்துக்கொண்டார். மணிக்கட்டில் எலும்பு இரண்டு இடத்தில் போய்விட்டது. விரல் நுனி மட்டும் தெரிய மாவுக்கட்டு. இரண்டு மாதம் அசைக்கக்கூடாது என்றார் டாக்டர். பின்னைப் பிடிக்கிற கை அது. வீட்டில் அவரும் மனைவியும்தான், இருப்பு என்று ஒன்றும் கிடையாது. அடுத்தவர் கொடுத்துத்தான் சாப்பிடவேண்டும் என்ற நிலைமை, உலகத்திலேயே அதற்குக் கொஞ்சமும் லாயக்கில்லாத ஆளுக்கு வந்து சேர்ந்தது.

அது ரம்ஜான் மாதம். பள்ளிவாசல் முத்தவல்லி நல்ல மனிதர், நிர்வாகம் அவர் கையில்தான். ஜக்காத் வாங்குகிறவர்கள் பட்டியலில் பாயின் பெயரைச் சேர்த்துவிட்டார். பாய் கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு போய் நின்றார். ஊர் முழுக்கச் சிரித்துப் பேசிய சங்கதி இது, அதனால் எனக்கும் வார்த்தைக்கு வார்த்தை தெரியும்.

"இது பிச்ச இல்ல பாய். இல்லாதவங்களுக்கு அல்லா வெச்ச பங்கு. ஒன்னோட உரிம, ஹக்கு" என்றார் முத்தவல்லி.

"ஹக்குதாங்க. வேல செய்ய முடியாதவங்களோட ஹக்கு. எனக்கு ஒரு கைதான போச்சு? இன்னொரு கை கீது, ரெண்டு காலு கீது, வாயி கீது."

"வாயி நல்லாவே கீது" என்றார் முத்தவல்லி.

கடைசியில் தன் பெயரை அடிக்கவைத்து, பின்தெருவில் மூன்று பிள்ளைகளோடு இருந்த ஒரு விதவையின் பெயரை அந்த இடத்தில் எழுதவைத்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

செய்தி லாட்ஜுக்கு வந்தது. நாங்கள் கூடிப் பேசினோம். பணமாகக் கொடுத்தால் வாங்கமாட்டார். இடது கையால் சின்னச் சின்ன வேலை பார்க்கிறார் என்று கேள்வி. 'அப்படியானால் வேலையாகக் கொடுப்போம்' என்றான் கண்ணப்பன். வாத்தியார் மூளை! உண்மையில் அந்த வாரம் எங்கள் ஸ்டவ் எல்லாம் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தன, வேண்டுமென்றே பழிவாங்குவதுபோல. அதனால் என்ன? ஏழு ஸ்டவ்வின் பம்பையும் கழற்றி, உள்ளே இருக்கிற தோல் வாஷரை உருவி எடுத்தோம். ஒற்றைக் கையால் போட்டுவிடலாம், கஷ்டமில்லாத வேலை. ஏழு ஸ்டவ்வையும் சாக்கில் கட்டி, ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ஏற்றினோம். வண்டி முழுக்க மண்ணெண்ணெய் நாற்றம். திண்டிவனம் வரும்வரை கண்டக்டர் எங்கள் பரம்பரையையே திட்டிக்கொண்டு வந்தார்.

பாய் வீட்டில் உட்கார்ந்து, காலால் ஸ்டவ்வை இடுக்கிப் பிடித்து, இடது கையால் முதல் பம்பைத் திறந்தார். வாஷர் இல்லை. இரண்டாவதைத் திறந்தார். இல்லை. மூன்றாவதைத் திறக்காமல் எங்களைப் பார்த்தார்.

"ஏழு அடுப்புக்கும் ஒரே நாள்ல ஒரே வியாதியா? விழுப்புரத்துல காலரா எதுனா வந்துகீதா சார்?"

"பழைய வாஷர் பாய், தேஞ்சு போயிருக்கும்" என்றான் கண்ணப்பன்.

"தேஞ்சா தூளாவது இருக்கணுமே."

கண்ணப்பன் தண்ணீர்ச் சொம்பை எடுக்கக் குனிந்தான். அவன் சட்டைப் பையிலிருந்து வாஷர்கள் ஒவ்வொன்றாக விழுந்து உருண்டன. பாய் பொறுமையாக எண்ணினார். ஏழு.

எனக்கு அப்படியே தரைக்குள் போய்விடலாமா என்றிருந்தது. பாய் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் கஷ்டம்.

"நல்லா எரியற அடுப்பக் கெடுத்து எங்கிட்ட குடுத்தா, அது வேலையா சார்? இதுக்குக் காசு வாங்குனா அந்தச் சோறு எனக்கு ஹலாலா? ஒங்க மனசு தெரியுது. ஆனா இது வாணாம்."

ஏழு வாஷரையும் நாங்களே திரும்பப் போட்டோம். அதற்குள் பாயின் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். எனக்கும் கண்ணப்பனுக்கும் டீ உள்ளே இறங்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எழுந்துபோய் அடிபம்பில் ஆளுக்கு இரண்டு குடம் தண்ணீர் அடித்துக் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் குடித்தோம்.

"அய்யே, ஒங்களுக்கும் இந்தப் பேஜாரு ஒட்டிக்கிச்சா?" என்று அந்தம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

அடுத்த வாரம் ஆபீசுக்குப் போகத் திண்டிவனத்தில் இறங்குகிறேன், பழகிய குரல் ஒன்று பஸ் ஸ்டாண்டையே அதிரவைத்துக்கொண்டிருந்தது. பாய்! கை போனால் என்ன, தொண்டை இருக்கிறதே என்று, தனியார் பஸ் ஒன்றுக்கு ஆள் கூப்பிடும் வேலையில் சேர்ந்துவிட்டார். வாசகர்கள் இந்த வேலையைக் கவனித்திருப்பீர்கள். நிற்க இடமில்லாத வண்டியை 'சீட்டு காலி, சீட்டு காலி' என்பதும், அரைமணி கழித்துக் கிளம்புவதை 'தோ எடுத்துட்டான்' என்பதும்தான் இதில் தொழில் ரகசியம். பாய் கூப்பிட்டது இப்படி:

"செஞ்சி, செஞ்சி, செஞ்சி! ஒக்கார எடமில்ல, நின்னுக்கினுதான் போவணும்! வழியில எல்லா ஊர்லயும் நிக்கும்! அவசரக்காரங்க பின்னாடி நிக்கற வண்டில ஏறுங்க, அது ஜல்தியாப் போவும்!"

கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டு இறங்கிவந்தார். "யோவ் பாய், நீ எங்க வண்டி ஆளா, அவன் வண்டி ஆளா?"

"ஒங்க ஆளுதாம்பா. அதுக்கோசரம் பொய் சொல்லணுமா? கூப்புடறதுக்குத்தான் கூலி. பொய்க்குத் தனியா எதுவும் பேசலியே?"

அன்றைக்கே துரத்தியிருப்பார்கள். ஆனால் நாலு நாளில் ஒரு விநோதம் நடந்தது. மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டைக்காரர்கள், கைக்குழந்தைக்காரிகள், வல்லம் பக்கம் போகிற கிழவர்கள் எல்லோரும் பஸ்ஸைப் பார்ப்பதை விட்டுவிட்டு பாயைப் பார்த்து, "எதுல ஏறலாம் பாய்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவர் காட்டிய வண்டி நிரம்பியது. 'பிரேக்கு கொஞ்சம் கத்தும்' என்று பாய் ஊரறியக் கத்திவிடுவார் என்ற பயத்தில் பஸ்காரர்கள் பிரேக்கைச் சரிசெய்தார்கள். அந்தச் சில வாரம் திண்டிவனத்தில் பஸ்கள் சொன்ன நேரத்துக்குப் புறப்பட்டன. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அவர் கூப்பிடாமல் தூண் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "சார், ஒண்ணு கேக்கணும்" என்றார். நாலு வருஷப் பழக்கத்தில் அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை.

"நாளைக்குக் கட்டுப் பிரிக்கறாங்க. வெரலு மடங்குமா இல்லியான்னு டாக்டருக்கே சொல்லத் தெரியல. பின்னு புடிக்க இந்த ரெண்டு வெரலாவது வேணும். எனக்கோசரம் துவா செய்ங்க சார்."

"எனக்குத் தொழவெல்லாம் தெரியாதே பாய்."

"கேக்கத் தெரியுமில்ல? அது போதும்."

கேட்டேன். ஸ்டேஷன் பிள்ளையாரிடம் கேட்டேன், மாதா கோயில் வாசலில் நின்று கேட்டேன், தர்கா வழியாகப் போகும்போது பஸ்ஸுக்குள் இருந்தபடியே கேட்டேன். கண்ணப்பன் சாமி கும்பிடாத கட்சி. மறுநாள் காலை பல் தேய்த்துக்கொண்டே, "நானும் கேட்டேன்டா. யார்கிட்டன்னு மட்டும் கேக்காத" என்றான்.

சுண்டு விரல் கடைசிவரை மடங்கவில்லை. மற்றவை பிழைத்துக்கொண்டன. கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பாய் தகரப் பெட்டியோடு லாட்ஜ் கேட்டில் வந்து உட்கார்ந்தார். நான் என் ஸ்டவ்வை நீட்டினேன். பம்பைத் திறந்து வாஷர் இருக்கிறதா என்று முதலில் பார்த்தார் மனிதர்! பிறகு பின்னை எடுத்தார். இரண்டு தடவை தவறியது. மூன்றாவது தடவை துளைக்குள் போயிற்று. கண்ணப்பன் வாசலிலேயே கைதட்டினான்.

"எனக்கோசரம் கேட்டீங்க இல்ல?" என்றார் பாய், தலை நிமிராமல். "இனிமே வெள்ளிக்கெழம ஜும்மா தொழுகையில ரெண்டு பேருக்கும் நான் கேக்கறேன். விடமாட்டேன்."

விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல், "கேட்டாச்சு சார்" என்று சொல்லிவிட்டுத்தான் பெட்டியைத் திறப்பார். அப்புறம் எனக்கு மாற்றல் வந்தது, ஊர் ஊராகப் போனேன், அவரைத் திரும்பப் பார்க்கவே இல்லை. இப்போது அவர் இருக்கிறாரா என்றுகூடத் தெரியாது. ஆனால் வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கே இருந்தாலும் ஒரு நிமிஷம் கண்ணை மூடி, ஸ்டவ் பாய் நன்றாக இருக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அங்கே அவரும் எனக்காகக் கேட்டுக்கொண்டிருப்பார், என் பாய் விடமாட்டார்.