வேம்புக்கு மஞ்சள் துணி கட்டிய கதை

சட்டத்தை வைத்து மரத்தைக் காப்பாற்றலாம் என்று கிளம்புகிறவர்கள் மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு கிளம்புவது நல்லது. நான் வெறுங்கையோடு போனேன்.

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் எனக்குச் சூளை வேலை. பகலெல்லாம் வெந்துவிட்டு மங்கலம்பேட்டை ரோட்டோரம் இருக்கும் எங்கள் ஊருக்குத் திரும்பினால், வீட்டு வாசலில் ஒரு வேப்பமரம். அதன் அடியில் கட்டிலைப் போட்டுச் சாய்ந்தால்தான் எனக்குப் போன உயிர் திரும்பும். மரம் நிற்பது புறம்போக்கில். வடிகால் வாய்க்கால் வெட்ட வந்த கான்டிராக்டர், "நாளன்னிக்கு மரத்தை எடுத்துடுவோங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புறம்போக்கு மரத்தை அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. (செல்போனில் படித்தேன். படித்ததுதான் வினை.) மனு எழுதிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தேன். ஒவ்வொருவரும் அடுத்த ஆபீஸைக் கை காட்டினார்கள். கடைசி ஆபீஸில் ஒரு கிளார்க் மட்டும் பொறுமையாகப் படித்தார்.

"வெட்டணும்னு மனு குடுங்க, வாங்கிக்கறேன். வெட்டக் கூடாதுன்னா, அதை எந்த ஃபைல்ல சார் வெக்கிறது?"

மனுவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். திரும்பும் வழியில் மஞ்சள் துணியும் குங்குமமும் வாங்கினேன். பட்டறையில் மெருகு சரியாகப் பிடிக்காமல் கழித்துப்போட்ட அம்மன் பொம்மை ஒன்று வீட்டில் இருந்தது. விடிவதற்குள் மரத்துக்குத் துணியைச் சுற்றி, அடியில் அம்மனை உட்கார வைத்தேன்.

ஆட்களோடு வந்த கான்டிராக்டர் செருப்பைக் கழற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வாய்க்கால் மரத்தைச் சுற்றி வளைந்து போனது. ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

பிறகு ஊர் வந்தது. வெள்ளிக்கிழமைப் பொங்கல், சூலம், கிளையில் என் படுக்கையறையைப் பார்த்து ஒரு ஸ்பீக்கர். கட்டில் போட இடமில்லை. அதையும் தாங்கிக்கொண்டேன். ஆடி மாதத்தில் ஊர்ப் பெரியவர் பழனிவேல் என் தோளில் கை போட்டார்.

"ஆத்தா மழையிலயும் வெயில்லயும் ஒக்காந்திருக்குது தம்பி. கட்டடம் கட்டிடலாம். மரத்தை மட்டும் எடுத்துட்டா எடம் அளவா இருக்கும்."

அதே கிளார்க்கிடம் ஓடினேன். "கோயில் விசயமா? ஆள வுடுங்க சார்" என்றார். எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

ஊர் கூடிப் பூசை போட்டார்கள். கோடாலிக்கும் பொட்டு வைத்தாயிற்று. பம்பைச் சத்தம் ஏறியபோது, என் மனைவி செல்வி முடியை அவிழ்த்துவிட்டு ஆட ஆரம்பித்தாள். (கல்யாணமான நாளிலிருந்து அவளுக்குச் சாமி வந்து நான் பார்த்ததில்லை.)

"என் மரத்துல எவன்டா கை வெக்கிறது? கட்டடம் வேணும்னு நான் கேட்டனா?"

பழனிவேல் காலில் விழுந்தார். "தப்புதான் தாயே! வேற என்ன வேணும், சொல்லு."

"அந்த ஸ்பீக்கரை அவுருடா!" அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "நீ தெனம் விடிகாலையில எழுந்து வாசலைக் கூட்டணும். பாத்திரமும் தேய்க்கணும்."

"பாத்திரமா தாயே?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். ஊரே என்னை முறைத்தது. பழனிவேல் கற்பூரத் தட்டை நீட்டி, "சத்தியம் பண்ணுய்யா" என்றார். பண்ணினேன்.

மரம் நிற்கிறது. அன்றைக்கு வந்தது சாமியா, செல்வியா என்று கேட்கும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை. உடம்பு முடியவில்லை என்று காலையில் கொஞ்சம் புரண்டு படுத்தால் போதும், என் மகள் அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுப்பாள்:

"யம்மா, முடிய அவுக்கிறியா?"

நான் எழுந்து துடைப்பத்தைத் தேடுவேன்.