முட்டை மிஸ்ஸும் கறுவாக் குளிசையும்

கல்முனையில் முட்டை மிஸ்ஸிடம் ஏச்சு வாங்காத உயிர் ஒன்றே ஒன்றுதான்: கண்ணாடித் தட்டில் கிடக்கும் ஆட்டு முட்டைக்கலம். அதனிடம் மட்டும் "வளரு தங்கம்" என்று குழைவார்.

அவரது ஆய்வுகூடத்தில் நான் உதவியாளர். ஆட்டுச் சூலகத்திலிருந்து முட்டைக்கலங்களை எடுத்துத் தட்டில் முதிர வைப்பது எங்கள் வேலை. ஹஜ்ஜுப் பெருநாளில் ஊரே குர்பான் இறைச்சிப் பங்குக்குக் காத்திருக்க, மிஸ் இளஞ்சூடான உப்புநீர் நிறைத்த சுடுபோத்தலோடு வாசல் வாசலாக நிற்பார். "பெட்டை ஆடா? இறைச்சி வேணா, சூலகத்தத் தாங்க." திரும்பும் வழியில் ஓட்டோ பள்ளத்தில் இறங்கினால் ஓட்டோக்காரர் தொலைந்தார். "புள்ளைகளக் குலுக்காதீங்க!"

முட்டைக்கலம் முதிரச் சீனி வேண்டும்; அதை உள்ளெடுக்க இன்சுலின் உதவும். கறுவாப் பட்டையில் எடுத்த, இன்சுலினைப் போல நடிக்கும் ஒரு பொருளை மிஸ் போட்டுப் பார்த்தார். கொஞ்சம் போட்டபோது கலங்கள் சீனியை இழுத்து நன்றாக முதிர்ந்தன. கூட்டியபோது பாதியில் நின்று செத்தன. இதை ஊருக்கு விளக்க ஒரு கூட்டம் வைத்தார். "நன்றாக முதிர்ந்தன" என்றபோது அசர் பாங்கு கேட்டது. எல்லோரும் தொழப் போனோம். திரும்பி வந்தது மிஸ்ஸும் நானும்தான். மற்றப் பாதியை வெறும் கதிரைகளுக்குச் சொன்னார்.

கொஞ்ச நாளில் மருந்துச் சரக்குக்கடைக்காரர், ஊரே காக்கா என்று அழைக்கும் அண்ணன், பிள்ளைப் பாக்கியம் தருமென்று கறுவாத் தூளில் உருட்டிய குளிசை விற்கத் தொடங்கினார். என் மூத்த சகோதரி ராத்தாவுக்குச் சூலகத்தில் நீர்க்கட்டி. கலியாணமாகி இவ்வளவு காலமும் பிள்ளை இல்லை. கிளினிக் மருந்தை நிறுத்திவிட்டு அதைக் கைநிறைய விழுங்கியிருக்கிறாள். மயங்கி விழுந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

எனக்குக் காக்காமீது கோபம், ராத்தாமீது கோபம், கலியாண வீடுகளில் "இன்னும் ஒண்டும் இல்லயா?" என்று அவளைக் குடைகிறவர்கள்மீது எல்லாவற்றிலும் பெரிய கோபம். என் கோபம் மிஸ்ஸிடம் சொன்னதோடு நின்றது. மிஸ்ஸின் கோபம் கடைக்குப் போனது.

"காக்கா, இத ஆரு விக்கச் சொன்ன?"

"நீங்கதான் மிஸ். முட்டை நல்லா முத்துதெண்டு சொன்னீங்களே."

"அது ஆட்டு முட்டை! தட்டில கெடந்தது!"

"ஆட்டுக்கு நல்லதெண்டா மனிசருக்குக் கூடாதா?"

"அப்ப ஆடு தின்னுற குழையும் கட்டி வில்லுங்க! கூடப் போட்டா முட்டை செத்துப் போகுமெண்டும் சொன்னனே?"

"அது கேக்கல்ல மிஸ். தொழப் போன."

"நானுந்தான் தொழுத. நான் திரும்பி வரல்லயா? நீங்க எங்க போன?"

காக்கா தலையைச் சொறிந்தார். "தேத்தண்ணிக் கடைக்கு."

"ஒரு பிளேன்டீக்கு ஒரு பொம்புளட வகுத்தக் கெடுத்தீங்களே!"

அத்தோடு விட்டாரா? கடை வாசலில் கதிரை போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் கூட்டத்தின் மற்றப் பாதியைச் சொன்னார். அந்தி மஃரிபுக்கு முன் காக்காவே குளிசைகளைக் கடை அடுக்கிலிருந்து இறக்கிவிட்டார்.

மறுநாள் ராத்தாவைக் கிளினிக்குக் கூட்டிப் போனதும் மிஸ்தான். பக்கத்தில் நானும் இருந்தேன்; வழியெல்லாம் அவளுக்கு ஏச்சு. ஓட்டோ அதே பள்ளத்தில் இறங்கியது. மிஸ் சட்டென்று ராத்தாவை அணைத்துப் பிடித்துக்கொண்டு கத்தினார்: "புள்ளயக் குலுக்காதீங்க!"

இப்போது மிஸ் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். ராத்தா மருந்தை விடவில்லை; இன்னும் காத்திருக்கிறாள். பள்ளத்தையும் யாரும் மூடவில்லை. ஓட்டோ அதில் இறங்கும்போதெல்லாம் நானும் ராத்தாவும் ஒரு கணம் அந்த ஏச்சுக்குக் காது கொடுக்கிறோம்.