படியில்லாத வீடு

இந்த மழைக்காலம் முடிவதற்குள் மலையை விட்டு இறங்கியே தீருவேன் என்று சபதம் செய்தேன். சாட்சிக்கு என் மங்கி குல்லாவைத் தவிர யாரும் இல்லை.

குன்னூரில் என் வீடு ரோட்டுக்குக் கீழே, சரிவில் இருக்கிறது. வாசலுக்குப் போக ரோட்டிலிருந்து படி இறங்க வேண்டும். கடைக்குப் போக அதே படியை ஏற வேண்டும். ஏறும்போதெல்லாம் ஆண்டவரைப் பார்த்துவிட்டுத்தான் ரோட்டைப் பார்ப்பேன். இந்த வீட்டில் எத்தனையோ படி உண்டு. 'நான் சொன்னபடி' என்று ஒன்று மட்டும் கிடையாது.

படியைக்கூட மன்னித்துவிடுவேன். குளிரைத்தான் மன்னிக்க முடியவில்லை. டீ ஃபேக்டரி ஆபீஸில் வேலை பார்த்த காலத்தில் தேயிலை வறுபடும் சூடாவது கிடைத்தது. ரிட்டயரானதும் அதுவும் போச்சு. சுவரில் பூஞ்சணம், பீரோவில் பூஞ்சணம், என் கல்யாணக் கோட்டிலும் பூஞ்சணம். போர்வை காய்ந்து நான் பார்த்ததில்லை. மேட்டுப்பாளையத்தில் ஒரு சின்ன வீடு, வாசலில் ஒரு நாற்காலி, அதில் வெறும் பனியனோடு உட்கார்ந்து நான் வியர்க்க வேண்டும். வேறு ஆசையே இல்லை. சாவதென்றால்கூட காய்ந்த போர்வையில் சாக வேண்டும்.

மனைவி ஜெஸிந்தாவுக்கு மேட்டுப்பாளையம் என்றாலே ஆகாது.

"கீழ போனா எனக்கு யாருங்க இருக்கா? இங்கன்னா ஊட்டியில தங்கச்சி லிஜியாவது இருக்கா."

"அவகிட்ட நீ போன்லதானே பேசறே? மேட்டுப்பாளையத்துலயும் டவர் இருக்குது."

"நீங்க டவரையே கட்டீருக்கலாம். என்னை எதுக்குங்க கட்டுனீங்க?"

வீட்டை விற்றுத் தரும்படி அன்றைக்கே புரோக்கர் சுப்பண்ணனிடம் சொல்லிவிட்டேன்.

முதலில் கோயமுத்தூர்க்காரர் ஒருவர் வந்தார். கோடைக்கு வந்து தங்க வீடு வேண்டுமாம். அவர் படி இறங்கும்போதே ஜெஸிந்தாவைச் சமையலறையில் மடக்கினேன்.

"ஊட்டைப் பத்தி நல்லதை மட்டுந்தான் சொல்லோணும். மாதா மேல சத்தியம் பண்ணு."

பண்ணினாள். சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தாள்.

"தண்ணிக்குக் கஷ்டமே இல்லீங்க. குழாய்ல வராட்டியும் செவுத்துல வந்துரும்."

வந்தவர் சுவரைப் பார்த்தார்.

"அக்கம்பக்கத் தொல்லையும் இல்லீங்க. கரடி மட்டுந்தான் வரும். அதுவும் ரொம்ப மரியாதைங்க, எண்ணெய் வாசம் அடிச்சாத்தான் கதவை ஒடைக்கும்."

வந்தவர் கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

சுப்பண்ணன் என் காதில், "கொஞ்சம் எறங்கி வாங்க சார், முடிச்சிரலாம்" என்றார்.

"எறங்கத்தானய்யா விக்கறேன்!" என்று நான் சொல்லி முடிப்பதற்குள், கோயமுத்தூர்க்காரர் பாதிப் படி ஏறிவிட்டார். அந்த வேகம் என் முட்டிக்கு இருந்தால் நான் ஏன் வீட்டை விற்கிறேன்?

"என்னடி இது?"

"நல்லதைத்தானே சொன்னேன்?"

"இனிமேல் யார் வந்தாலும் நீ வாயே தெறக்கக்கூடாது. பேச்சு பூரா என்னுது."

"சரிங்க" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சொல்லை அவள் இவ்வளவு சீக்கிரம் சொன்னதே இல்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

அதன் பிறகு மழை பிடித்துக்கொண்டது. மூடுபனி இறங்கி ரோடே தெரியவில்லை. ஒரு ஈ காக்காய் வீடு பார்க்க வரவில்லை. நான் இருமிக்கொண்டே காலண்டரைப் பார்த்து மேட்டுப்பாளையத்து வெயிலை நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியே இந்த ஈரத்திலேயே முடிந்துவிடுவேனோ என்று உண்மையிலேயே பயம் வந்துவிட்டது.

அப்போதுதான் ஹபீப் முகமது தன் மனைவி ஜுலைகாவோடு வந்தார்; கூடவே சுப்பண்ணனும். ஊட்டி பஜாரில் ஜவுளிக்கடைக்காரர். ஜெஸிந்தா டீயை வைத்துவிட்டு, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தாள். எனக்கு ஒரே குஷி.

"ஏனுங்க, இவ்வளவு நல்ல ஊட்டை எதுக்குங்க விக்கறீங்க?" என்று கேட்டார் ஹபீப்.

குளிர், ஈரம் என்று சொன்னால் வியாபாரம் கெட்டுவிடுமே! மூளை மின்னல் மாதிரி வேலை செய்தது.

"படிதானுங்க. முட்டிக்கு ஆகலை. படியில்லாத ஊடு கெடைச்சா எங்க வேணாலும் போயிருவேன்."

"குளிருக்காக இல்லீங்களே?"

"குளிரா? சே சே! குளிர்னா எனக்கு உசிருங்க."

"இன்னும் ஜாஸ்தி குளிர் அடிக்கிற எடமா இருந்தா?"

"கொண்டாட்டம்தானுங்க!"

ஹபீப் முகமது எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணே கலங்கிவிட்டது.

"ஊட்டிக் குளிர் இவங்களுக்கு ஒத்துக்கலைங்க. ஒரேயடியா கீழ போனா கடையைப் பாக்க முடியாது. குன்னூர் வரைக்குமாவது எறங்கலாம்னுதான் தேடறோம். எங்க ஊடு ஊட்டியில ரோட்டு மட்டத்துல இருக்குதுங்க. பேருக்குக்கூட ஒரு படி கெடையாது. நீங்க அங்க வந்துருங்க, நாங்க இங்க வந்தர்றோம். மாத்திக்கலாமுங்களா?"

சுப்பண்ணனைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

"இல்லீங்க... அது வந்து... விக்கிறதுன்னாத்தான்..."

ஜெஸிந்தா அன்றைக்கு முதல் தடவையாக அசைந்தாள். சுவரை ஒரு பார்வை, கதவை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை.

"ஏனுங்க, நான் வேணா பேசட்டுங்களா?"

"வேண்டாம்!" என்று கத்தினேன். இவரும் படியேறி ஓடிவிடுவாரோ என்ற பதற்றத்தில் வாய் முந்திக்கொண்டது. "எனக்குச் சம்மதமுங்க."

ஜுலைகா ஓடிவந்து ஜெஸிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "லிஜியக்கா சொன்னாங்க, சார் தங்கமானவரு, மறுக்கவே மாட்டாருன்னு. செவுரு, கரடி எல்லாமே சொல்லீட்டாங்க. எங்க ஊட்டுச் செவுருக்கு இது எவ்வளவோ தேவலைங்க."

"லிஜியை உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"அட, அவங்க எங்க பக்கத்து ஊடுங்களே!"

நான் ஜெஸிந்தாவைப் பார்த்தேன். அவள் டீ டம்ளர்களைக் கவனமாக அடுக்கிக்கொண்டிருந்தாள். வாயே திறக்கக்கூடாது என்று நான்தானே சொல்லியிருந்தேன்.

போன வாரம் ஊட்டி வீட்டைப் பார்க்கப் போனோம். ரோட்டு மட்டம்தான், பொய்யில்லை. அக்கா தங்கை இருவரும் வேலியோரம் நின்று பேசிய பேச்சில் டவருக்கே வேலையில்லை. இறங்குவேன் என்று சபதம் செய்தவன், மங்கி குல்லாவுக்கு மேல் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, பனியன் மட்டும் போட்டு உட்கார எங்கேயாவது துளி வெயில் உண்டா என்று அறை அறையாகத் தேடினேன். முன்னறையில் கொஞ்சம் இருந்தது. அங்கே ஜெஸிந்தா ஏற்கெனவே தன் தையல் மெஷினுக்கு இடம் பார்த்துவிட்டாள்.

"ஏனுங்க, குளிர்னா உங்களுக்கு உசிராச்சேன்னு, வெயிலே படாத பின்னாடி ரூமை உங்களுக்குன்னே ஒதுக்கீட்டேன்."